தனி அறையில் எழுத்தாளன்: இந்தப் படங்களில் எழுத்து எங்கே போனது?

வாசகர் ஒருவரின் கேள்வி: "எழுத்தாளனைப் பற்றிய சுயாதீனப் படம் என்றாலே ஒரே கதைதான். பூட்டிய அறை, தாடி, தூக்கமில்லாத கண், யாரோ கதவைத் தட்டுகிற சத்தம், கடைசியில் மனம் பிறழ்ந்து ஒரு மகத்தான புத்தகம். எழுதுவதைப் படத்தில் காட்ட முடியாது, அதனால்தான் பைத்தியத்தைக் காட்டுகிறார்கள் என்கிறேன். மறுப்பவர்கள் உண்டா?"

பிப்ரவரி 4, இரவு

மறுக்கிறேன். முழுக்க அல்ல, பாதி.

மனம் பிறழ்வதைக் காட்டுவது சுலபம் என்பதால் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பது உண்மை. கேமராவைக் கொஞ்சம் சாய்த்து, கூரையில் ஒரு காலடிச் சத்தம் சேர்த்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் எழுதுவதைக் காட்டவே முடியாது என்பதை ஏற்க மாட்டேன். சதுரங்கத்தைக் காட்டுகிறார்கள். அதிலும் ஒருவர் உட்கார்ந்து யோசிப்பதைத் தவிர வெளியே ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் நாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்க்கிறோம்.

இதில் எனக்குச் சொந்த விவகாரம் ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நண்பன் எடுத்த படம் ஒன்று இப்போது படத்தொகுப்பில் இருக்கிறது. ஒரே அறை, ஏறக்குறைய ஒரே நடிகர், ஒன்பது நாள் படப்பிடிப்பு. ஒலிப்பதிவு நான். கதையும் ஒருவகையில் என்னுடையதுதான். ஆறு வருடத்துக்கு முன்னால் நாவல் எழுதப்போகிறேன் என்று நான்கு மாதம் அறைக்குள் அடைந்து கிடந்தேன். அங்கிருந்துதான் அவன் திரைக்கதையைத் தொடங்கினான்.

உதாரணத்துக்கு வருகிறேன். 'ஃபாலோயிங்', 1998. கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படம். கறுப்பு வெள்ளை, 16 எம்எம், செலவு சுமார் 6,000 டாலர். எல்லாருக்கும் வேறு வேலை இருந்ததால் சனிக்கிழமைகளில் மட்டும், கிட்டத்தட்ட ஒரு வருடம் எடுத்தார்கள். ஃபிலிம் வீணாகக் கூடாது என்று ஒத்திகை பார்த்துப் பார்த்து, ஒன்றிரண்டு டேக்கில் காட்சியை முடித்தார்கள். நாயகனுக்குப் பெயரே கிடையாது. எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிறான், கதைக்கு ஆள் வேண்டும் என்று தெருவில் போகிறவர்களைப் பின்தொடர்கிறான். சுமார் 70 நிமிடப் படத்தில் அவன் உருப்படியாக எதையும் எழுதிமுடித்து நாம் பார்ப்பதில்லை. கதைக்காக என்பது அவன் சொல்லும் சாக்கு. தனிமை தாங்காமல்தான் அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். எனக்கு அந்தப் படம் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான். எழுதாதவனை எழுதாதவனாகவே காட்டியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 5

கேட்டது நியாயம். எழுதுவதைக் காட்ட முடியும் என்று மார்தட்டிவிட்டு, எழுதாதவன் படத்தை உதாரணம் காட்டியிருக்கிறேன். அது கேள்வி கேட்டவருக்குத்தான் சாதகம். எழுதிய வேகத்தில் கவனிக்கவில்லை.

'பார்ட்டன் ஃபிங்க்' (1991) கொஞ்சம் கிட்டே வரும். நாடக ஆசிரியன் ஒருவன் மல்யுத்தப் படத்துக்குத் திரைக்கதை எழுத ஹாலிவுட்டுக்கு வந்து ஒரு விடுதி அறையில் மாட்டிக்கொள்கிறான். படத்தை எடுத்த கோயன் சகோதரர்கள் வேறொரு திரைக்கதையில் சிக்கிக்கொண்டு நகர முடியாமல் இருந்தபோது, அதை ஓரம் வைத்துவிட்டு மூன்று வாரத்தில் இதை எழுதினார்கள். அந்த வருடம் கான் விழாவில் தங்கப் பனை, சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் மூன்றும் இதற்கே போயின.

அந்த அறைச் சுவரில் ஒட்டிய காகிதம் புழுக்கத்தில் மெல்ல உரிந்து விழும். உரியும்போது ஈரப் பிசினின் சத்தம் கேட்கும். அவன் எழுந்துபோய்க் கையால் அழுத்தி ஒட்டுவான், திரும்பி வந்து உட்கார்ந்தால் மறுபடி உரியும். எழுத வராதவன் ஒரு பிற்பகலை எப்படித் தொலைப்பான் என்று தெரிந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். நான் என் அறையில் அலமாரிக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. அந்தப் படத்திலும் ஆவேச இரவு ஒன்று வருகிறது. ஒரே மூச்சில் எழுதி முடிக்கிறான், தன் வாழ்நாளின் சிறந்த எழுத்து என்று நம்புகிறான். ஸ்டூடியோ முதலாளி அதைத் தூக்கி எறிகிறார். முதலாளியின் ரசனையை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், அவன் திரைக்கதை முடிகிற இடமும் படத்தின் தொடக்கத்தில் நாம் கேட்ட அவனுடைய பழைய நாடகம் முடிகிற இடமும் ஒன்றே. ஆவேசத்தில் பிறந்தது புதிது அல்ல, தன்னையே மறுபடி எழுதியிருக்கிறான். மூன்றாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு இது பிடிபட்டது.

பிப்ரவரி 5, இன்னும் ஒன்று

'தி லாஸ்ட் வீக்கெண்ட்' (1945) இந்த வரிசையில் சேருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரிய ஸ்டூடியோ படம், நான்கு ஆஸ்கர் வாங்கியது, சுயாதீனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் குடிப்பதற்காக எழுத்தாளன் தன் தட்டச்சுப் பொறியைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைகளைத் தேடி நடக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அன்று யூதர்களின் புனித நாள், கடைகள் எல்லாம் மூடியிருக்கும். அந்தப் பொறியின் கனம் அவன் தோளில் தெரியும். எழுதும் கருவி முதன்முதலாக ஒரு எடையாக எனக்குத் தெரிந்தது அந்தக் காட்சியில்தான்.

பிப்ரவரி 9

அந்த நான்கு மாதம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் நன்றாகவே போயிற்று. விடியற்காலை எழுந்து இரண்டு பக்கம் எழுதுவேன், மதியம் தூக்கம், மாலையில் நடை. அப்புறம் தூக்கம் தடம் மாறியது. இரண்டு மணி, மூன்று மணி, விடியும்வரை. முதலில் அது சந்தோஷமாக இருந்தது. ஊர் தூங்கும்போது விழித்திருப்பவனுக்கு ஒரு கர்வம் வரும். ஏழாவது வாரத்தில் போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன், வெளிச்சம் பக்கத்தின் மேல் விழுந்து தொந்தரவு செய்கிறது என்று எனக்கு நானே சொன்ன காரணம். மேல் வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். நான் ஒரு வரியை முடிக்கும்போதெல்லாம் அது நகர்வதாகப் பட்டது. சும்மா தற்செயல் என்று புத்திக்குத் தெரியும். ஆனால் உடம்பு நம்பவில்லை. வரியை முடிக்காமல் விட ஆரம்பித்தேன். முடித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடுமே.

இதைப் படமாக எடுத்தால் அருமையான திகில் காட்சி வரும், எனக்கே தெரிகிறது. ஆனால் அந்த நாளில் அது திகிலாக இல்லை. அலுப்பாக இருந்தது. ஒரே டம்ளரை நான்கு முறை கழுவுவது, பாதி வரியை மூன்று நாள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. நோயின் பெரும்பகுதி அலுப்புதான். எந்தப் படத்திலும் இதை நான் பார்த்ததில்லை.

அக்கா வந்தாள். எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்து, கதவைத் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "முதல்ல ஜன்னலைத் திற." அப்புறம் மருத்துவர், மாத்திரை. பத்தாவது நாள் ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன். நான்கு மாதத்தில் தேறியது 11 பக்கம். அதில் ஒன்பது பக்கம் ஒரே அத்தியாயத்தின் தொடக்கம், ஒன்பது விதமாக.

எழுத்தாளனின் நோய் அவனுக்கு எழுத்தைக் கொடுக்கிறது என்று ஒரு படம் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். எனக்கு அது எழுத்தைப் பிடுங்கிக்கொண்டது.

பிப்ரவரி 10

"தனிமை இல்லாமல் எழுத முடியுமா?" முடியாது. இப்போதும் தினம் மூன்று மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். முடித்ததும் யாருக்காவது போன் செய்துவிடுவேன். எழுதியதைப் பற்றிப் பேச அல்ல, குரல் வெளியே வருகிறதா என்று பார்க்க.

பிப்ரவரி 13

நண்பனுக்கும் எனக்கும் சண்டை. படத்தின் 71ஆம் நிமிடம்.

திரைக்கதையில் அந்த இடத்தில் எழுதியிருந்தது வேறு. அவன் எடுத்து வைத்திருப்பது இது: நள்ளிரவு, நடிகரின் கண் சிவந்து, விரல்கள் பறக்கின்றன, இசை ஏறுகிறது, ஜன்னலில் விடியல், மேசையில் காகித அடுக்கு. நாவல் முடிந்துவிட்டது. நடிகர் மிக நன்றாகச் செய்திருக்கிறார், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"இப்படி ஒரு ராத்திரி எனக்கு வரவே இல்லடா" என்றேன்.

"உனக்கு வரல. படத்துல இவனுக்கு வருது. ஒண்ணேகால் மணி நேரம் ஒருத்தன் எழுத முடியாம தவிக்கிறதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு ஏதாவது கொடுக்கணுமில்ல?"

அவன் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை. படம் பார்க்க வந்தவரை மூச்சு முட்ட வைத்துவிட்டு, ஜன்னலைத் திறக்காமல் அனுப்பக் கூடாது. ஆனால் எந்த ஜன்னல்?

இன்னொரு பழைய சண்டை. அவன் தட்டச்சுப் பொறி வேண்டும் என்றான். இந்தக் காலத்தில் யார் தட்டச்சுப் பொறியில் நாவல் எழுதுகிறார்கள் என்றேன். மடிக்கணினியில் எழுதினால் முகத்தில் நீல வெளிச்சம் விழும், வேறென்ன இருக்கிறது என்று கேட்டான். அதில் அவன் சொன்னதே சரி. சினிமா இன்னும் தட்டச்சுப் பொறியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏக்கத்தால் மட்டுமல்ல. அது சத்தம் போடும், வரி முடிந்தால் மணி அடிக்கும், கசக்கி எறியக் காகிதம் கொடுக்கும். கணினியில் ஒரு பத்தியை அழித்தால் அது போன இடம் தெரியாது. கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று நோட்டும் பென்சிலும் வைத்தோம். ஆவேச இரவுக்கு மட்டும் என்னிடம் சொல்லாமல் தட்டச்சுப் பொறி கொண்டுவந்திருக்கிறான். நான் வர முடியாமல் போன எட்டாம் நாள் எடுத்தது.

பிப்ரவரி 14

படைப்பாற்றலுக்கும் மனநோய்க்கும் தொடர்பு இருப்பது ஆய்வில் நிரூபணமானது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எதை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று யூகிக்க முடிகிறது.

1987இல் நான்சி ஆண்ட்ரியாசன் என்ற மனநல மருத்துவர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அயோவா எழுத்தாளர் பட்டறையைச் சேர்ந்த 30 எழுத்தாளர்கள், ஒப்பிட வேறு துறைகளைச் சேர்ந்த 30 பேர். எழுத்தாளர்களில் 80 சதவீதம் பேருக்கு வாழ்வில் ஏதோ ஒரு சமயம் மனநிலைக் கோளாறு இருந்திருக்கிறது, மற்றவர்களில் 30 சதவீதம். 30 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, நேர்காணல் செய்தவரும் அவரே. அதற்காக அந்த ஆய்வைப் பலர் விமர்சித்திருக்கிறார்கள். 2012இல் சுவீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்விலும் எழுத்தாளர்கள் தனியாகத் தெரிந்தார்கள். மற்ற படைப்புத் தொழில்களில் இருமுனைக் கோளாறைத் தவிர வேறு நோய்கள் அதிகம் இல்லை. எழுத்தாளர்களுக்கு மட்டும் பலவித நோய்கள் கூடுதலாக இருந்தன. ஆகவே தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஆனால் ஆண்ட்ரியாசன் சொன்ன இன்னொன்றை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அவரிடம் பேசிய எழுத்தாளர்கள், மனம் சோர்ந்து கிடந்தபோதும் தறிகெட்டு ஓடியபோதும் தங்களால் உருப்படியாக எழுத முடியவில்லை என்றே சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில், சாதாரணமாக இருந்த காலத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். 80 சதவீதம் தலைப்புச் செய்தி ஆயிற்று. இது ஆகவில்லை.

பிப்ரவரி 16

நிறைய எழுதுவதும் நன்றாக எழுதுவதும் ஒன்றல்ல என்று சொல்லும்போது 'தி ஷைனிங்' (1980) நினைவுக்கு வராமல் இருக்காது. ஆளில்லாத விடுதியில் நாவல் எழுத உட்கார்ந்த கணவனின் காகித அடுக்கை மனைவி புரட்டுகிறாள், பக்கம் பக்கமாக ஒரே வாக்கியம். இயக்குநர் குப்ரிக் அந்தப் பக்கங்களை இத்தாலி, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் பதிப்புகளுக்கு அந்தந்த மொழிப் பழமொழியை வைத்துத் தனித்தனியாக எடுத்தார். மொழிபெயர்த்து அடியில் போட்டால் போதாது, பார்த்த கண் அந்தக் கணமே படித்துவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, என் ஒன்பது தொடக்கங்களை அக்கா அப்படித்தான் புரட்டினாள். அவள் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பயப்படவில்லை. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து படித்தாள்.

பிப்ரவரி 20

ஒரு திருத்தம் போட வேண்டியிருக்கிறது. இதை எழுத இரண்டு நாள் தயங்கினேன்.

நண்பனிடம் காட்டிச் சண்டையை முடிக்கலாம் என்று அந்தக் காலத்து நோட்டுகளைத் தேடி எடுத்தேன். 11 பக்கம் என்று சொன்னது தவறு. 11 பக்கம் நான் பிற்பாடு தட்டச்சு செய்து வைத்தது. நோட்டுகள் மூன்று, சுமார் 200 பக்கம். இவ்வளவு எழுதியதே எனக்கு நினைவில்லை. பெரும்பகுதி படிக்க முடியாத கிறுக்கல், சில இடங்களில் பட்டியல், சில இடங்களில் அதே அத்தியாயத் தொடக்கம் மறுபடி மறுபடி. அளவில்லாமல் எழுதித் தள்ளுவது நோயின் அறிகுறியாகவும் வரும். கால்கை வலிப்பின் ஒரு வகையில் இப்படி வருவதை 1974இலேயே வாக்ஸ்மன், கெஷ்விண்ட் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். என்னுடையது அது அல்ல, ஆனாலும் நோட்டைப் பார்த்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

தயங்கியது இதற்கு அல்ல. மூன்றாவது நோட்டில், படுமோசமான அந்த வாரத்தில் எழுதிய ஒரு பத்தி இருக்கிறது. தேதி போட்டிருக்கிறேன். அம்மா ஈரத் துணியை உதறிக் காயப்போடுவது பற்றி ஏழு வரி. உதறும்போது தெறிக்கிற தண்ணீர் தன் முகத்தில் விழும் என்று தெரிந்தே, குழந்தை கொடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. நல்ல பத்தி. நான் எழுதியதிலேயே நல்ல பத்தி என்றுகூடச் சொல்லலாம்.

ஆக, நோய் எனக்கு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று 9ஆம் தேதி நான் சொன்னது நிற்காது.

பிப்ரவரி 21

இல்லை. நிற்காதுதான், ஆனால் நேற்று அவசரப்பட்டு முழுக்க விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அந்தப் பத்திக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று இன்று பார்த்தேன். முன்னால் நாற்காலிச் சத்தங்களின் நேரக் கணக்கு, இரண்டு பக்கம். பின்னால் ஒரே சொல் முப்பது நாற்பது தடவை. நடுவில் இந்த ஏழு வரி. எழுதியவனுக்கு இது நல்லது என்று தெரிந்ததற்கு எந்தத் தடயமும் இல்லை. அடிக்கோடு இல்லை, நட்சத்திரக் குறி இல்லை, அதன் தொடர்ச்சியாக ஒரு வரிகூட இல்லை. அப்படியே கடந்து போய்விட்டான். ஆறு வருடம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒருவன் நோட்டைப் புரட்டி, இது, இது மட்டும் என்று விரல் வைக்கிறான்.

எழுதுவது என்பதில் எவ்வளவு பங்கு அந்த விரல் வைப்பது? எனக்கு இப்போது பெரும்பங்கு என்றே தோன்றுகிறது. நாள் முழுக்க மனதில் வரிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, எல்லாருக்கும். இதை வை, அதை அடி என்று சொல்கிறவன் அன்று எனக்குள் இல்லை. அவனைத்தான் நோய் கொண்டுபோயிருந்தது, வரிகளை அல்ல.

கேள்வி கேட்டவருக்கு இப்போது வேறு பதில் சொல்வேன். இந்தப் படங்கள் எழுதுவதைக் காட்ட முடியாமல் தவிக்கவில்லை. எழுதுவது என்றால் வரிகள் கொட்டுவது என்று நினைத்துக்கொண்டு கொட்டுவதைக் காட்டுகின்றன. அடிப்பதைக் காட்டலாம். அதற்கு ஒரு கை, ஒரு பென்சில், ஒரு வரி போதும்.

பிப்ரவரி 27

சண்டை ஓயவில்லை, ஆனால் வேலை நடக்கிறது. ஒலியைப் பற்றிக் கேட்டவருக்கு.

ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்க வைத்து, ஒரு நிமிடம் அந்த அறையின் அமைதியைப் பதிவு செய்வோம். ரூம் டோன் என்போம். வெட்டி ஒட்டும்போது வசனங்களுக்கு நடுவில் இதைத்தான் போட்டு நிரப்ப வேண்டும். சத்தமே இல்லாத இடைவெளி வந்தால் ஸ்பீக்கர் செத்துவிட்டது போல் இருக்கும். பதிவின்போது குளிர்பெட்டியை அணைத்துவிடுவோம். அணைத்ததை மறந்துவிடாமல் இருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே போட்டு வைப்பது எங்கள் வழக்கம், சாவி எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாதே.

இந்தப் படத்தில் குளிர்பெட்டியை அணைக்க வேண்டாம் என்று சொன்னேன். அந்த நான்கு மாதமும் எனக்குத் துணையாக இருந்த சத்தம் அது. ஓடும்போது கவனிக்க மாட்டோம். சட்டென்று நிற்கும்போது அறை பெரிதாகிவிடும். தனிமையைக் காட்ட இசையே வேண்டாம், அந்த மோட்டார் நிற்கிற நொடி போதும். அதைத் தனியாக, கிட்டே மைக் வைத்து, கிளம்புவது, ஓடுவது, நிற்பது என்று மூன்றாகப் பதிந்து வைத்திருக்கிறேன். படத்தில் நான்கே இடத்தில் நிற்கும். நான்காவது இடம் 71ஆம் நிமிடத்துக்குச் சற்று முன்.

தட்டச்சுக் காட்சிகளைக் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான படங்களில் மழை மாதிரி நிற்காமல் கொட்டும். நிஜத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை. நான்கைந்து சொல், இடைவெளி, இரண்டு சொல், நீண்ட இடைவெளி, நாற்காலி முனகல், அப்புறம் ஒரு சொல். பென்சிலில் இன்னும் நன்றாகக் கேட்கும். எழுதும்போது பென்சில் கிசுகிசுக்கும், அடிக்கும்போது ஒரே இழுப்பு, வேறு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே எது எழுத்து, எது அடித்தல் என்று சொல்லிவிடலாம்.

மார்ச் 2

"மனநோயையும் எழுத்தையும் நேர்மையாகக் காட்டிய ஒரு படமாவது சொல்லுங்கள்." சரி. ஜேன் காம்பியனின் 'ஆன் ஏஞ்சல் அட் மை டேபிள்', 1990. நியூசிலாந்து எழுத்தாளர் ஜேனட் ஃப்ரேமின் தன்வரலாற்றை வைத்து, முதலில் தொலைக்காட்சித் தொடராக எடுத்தது. வெனிஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பெரும் பரிசு பெற்றது.

ஃப்ரேமுக்கு மனச்சிதைவு என்று சொல்லி வருடக்கணக்கில் மருத்துவமனைகளில் வைத்திருந்தார்கள், 200 தடவைக்கு மேல் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். மூளையில் அறுவை செய்ய நாள் குறித்தாயிற்று. அதற்குள் அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்புக்கு ஒரு இலக்கியப் பரிசு கிடைத்தது, செய்தி நாளிதழில் வந்தது, அதைப் பார்த்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறுவையை நிறுத்தினார். பின்னாளில் லண்டன் மருத்துவர்கள் அவருக்கு மனச்சிதைவு இருந்ததே இல்லை என்றார்கள்.

இதை எப்படி வேண்டுமானாலும் ஊதியிருக்கலாம். காம்பியன் ஊதவில்லை. கூச்சம் மிகுந்த ஒரு பெண், அறையில் யாராவது நுழைந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியாதவள், எழுதும்போது மட்டும் தோள் தளர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எழுத்து ஆவேசம் கிடையாது. ஓய்வு. எழுதுகிறவனின் உடம்பு தளர்வதைக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இதைக் கேள்வி வந்த முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

நண்பனைக் கூட்டி வைத்து இரண்டரை மணி நேரமும் போட்டுக் காட்டினேன். எதுவும் பேசாமல் எழுந்து போனான்.

மார்ச் 9

நேற்று இரவு கூப்பிட்டான். "அந்த நோட்டை எடுத்துட்டு வா. துணி காயப்போடுற பக்கம்."

போனேன். நடிகரையும் வரச் சொல்லியிருந்தான். அறையைக் காலி செய்தாயிற்று, ஆனால் மேசை இருக்கிறது, கிட்டே எடுப்பதற்கு மேசையும் விளக்கும் போதும். நோட்டைத் திறந்து வைத்தான். நாற்காலிக் கணக்கு, ஏழு வரி, முப்பது நாற்பது தடவை வந்த சொல். பக்கத்தை அப்படியே நகல் எடுத்து வைத்திருந்தோம். நடிகரிடம் ஒன்றும் சொல்லவில்லை, "படிங்க, வேண்டாததை அடிங்க" என்று மட்டும் சொன்னான்.

பூம் மைக்கைப் பக்கத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்திருந்தேன். முதல் அரை நிமிடம் ஒன்றுமே இல்லை, அவர் மூச்சு மட்டும். அப்புறம் பென்சில். நாற்காலிக் கணக்கை ஒவ்வொரு வரியாக அடித்தார், அவசரமே இல்லாமல். கீழே அந்தச் சொல்லையும் ஒன்றொன்றாக அடித்தார். ஏழு வரியில் வந்து நின்றார். ஐந்தாம் வரியில் ஒரு சொல்லை அடித்தார்.

அந்தச் சொல் நான் வைத்திருந்தது. 'மெதுவாக' என்ற சொல். ஹெட்போனில் அந்த இழுப்பு கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, அடுத்த நொடியே அவர் அடித்தது சரி என்று தெரிந்தது. குழந்தை கொடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறது. மெதுவாக வந்து நிற்க வேண்டியதில்லை.

நான்கு நிமிடம் பத்து வினாடி, ஒரே டேக். 71ஆம் நிமிடத்தில் ஆவேச இரவு அரை நிமிடமாகக் குறைந்து, அதற்குப் பின்னால் இது வருகிறது. ஆவேச இரவை முழுக்க எடுத்துவிட அவன் ஒப்பவில்லை. அதுவும் இருக்கட்டும் என்றே எனக்கும் இப்போது படுகிறது, கொட்டியது தெரிந்தால்தானே அடித்தது தெரியும். நான்கு நிமிடம் நீளமா என்று இன்னும் வாதம் நடக்கிறது. நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

குளிர்பெட்டி மட்டும் அதற்கு முன்னால் நிற்க வேண்டாம் என்று மாற்றிவிட்டேன். ஓடிக்கொண்டே இருக்கும்.